சுழல்தட்டுக்கு அடியில் முளைத்த நெல்

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. அம்மியில் அரைக்கும்போது குழவிக்கடியில் கல் அகப்பட்டால் வருமே, அதே சத்தம். குறுவை அறுவடை நேரம். என் கணவர் களத்திலிருந்து வந்து கழற்றிப்போட்ட சட்டைகளும் கைலிகளும்தான் உள்ளே கிடந்தன. மெஷினை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினேன். துணிகளை எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் இருக்கும் சுழல்தட்டைக் கையால் திருப்பினேன். கால் சுற்றுச் சுற்றியதும் இடித்து நின்றுவிட்டது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டால் இரண்டு நாளாவது ஆகும். அவர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தே இந்த எட்டு வருடத்தில் பலவற்றைக் கற்றுக்கொண்டேன். தட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் உள்ளே ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினாலும் தட்டு இலேசில் வராது. விளிம்பின் இரண்டு பக்கமும் கயிற்றை நுழைத்து, நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் விளிம்பு உடையும்.

தட்டு வந்தது. அடியில் வாய்க்கால் வண்டல்போல விரல் கனத்துக்குச் சேறு. அதில் ஒரு கொண்டை ஊசி, இரண்டு சட்டைப் பொத்தான்கள். தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு இரண்டு ரூபாய் நாணயம் செருகியிருந்தது. சத்தம் அதிலிருந்துதான். சேற்றை வழித்து எடுத்தபோது நெல்மணிகள் கைக்கு வந்தன. ஆடுதுறை 45 என்ற குறுவை ரகம். ஏழெட்டு மணிகளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஈரம், இருட்டு, கதகதப்பு. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டும்போது நாம் கொடுப்பது அத்தனையும் அங்கே இருந்திருக்கிறது. அவற்றைப் பார்த்த என் மாமியார், "நெல்லைக் குப்பையில் போடாதே அம்மா" என்று முந்தானையில் வாங்கிக்கொண்டுபோய் வாழையடியில் புதைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வயல் துணியைக் கிணற்றடியில் உதறி, பைகளை வெளியே இழுத்துவிட்டு, ஒரு முறை அலசிய பிறகுதான் மெஷினில் போடுகிறோம். நடவுச் சேறு அப்பிய துணியை அப்படியே போட்டால் சேறு முழுவதும் வெளியே போய்விடுவதில்லை. கனமான மண் தட்டுக்கு அடியில்தான் தங்குகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மெஷினுக்கு இதுவரை வந்த கோளாறுகளை எண்ணிப் பார்த்தால், மெஷினின் குற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் தண்ணீராலும் தரையாலும் மின்சாரத்தாலும் எலியாலும் வந்தவை. மெஷினைத் திறப்பதற்கு முன் அது நிற்கிற இடத்தைச் சுற்றிப் பாருங்கள் என்று என் ஊர்ப் பெண்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம், பாதித் துவைப்பில் தண்ணீர் வடியாமல் நின்றது. துணியெல்லாம் அழுக்குத் தண்ணீரில் மிதந்தது. எங்கள் மெஷினில் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு கிடையாது. அடியில் ஒரு வால்வு திறந்தால் தண்ணீர் தானாக வடிய வேண்டும். மேலிருந்து துணி போடும் மெஷின்கள் பலவும் அப்படித்தான். என் கணவர் முந்தின வாரம் வடிகுழாயின் முனையை வாழைப் பாத்திக்குத் திருப்பியிருந்தார். பாத்தியின் வரப்பு ஒரு அடி உயரம். "வடிகால் மேடாக இருந்தால் வயலில் தண்ணீர் வடியுமா?" என்று கேட்டேன். அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துப்போய் வரப்பை வெட்டி, குழாயைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்தார். குழாய் தரையில் கிடந்தும் வடியவில்லை என்றால் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீர் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் பின்பக்கம் பாருங்கள். குழாய் மெஷினுக்குள் நுழைகிற இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். குடிக்கத்தான் எங்களுக்குக் கூட்டுக் குடிநீர். துவைப்பதற்கு ஆழ்குழாய்த் தண்ணீர். இரும்பும் உப்பும் கலந்தது, வாளியில் ஒரு இரவு வைத்தால் செம்மண் நிறத்தில் அடி படியும். அந்தப் படிவுதான் வலையை அடைக்கிறது. குழாயை மூடிவிட்டு, குறடால் வலையை மெதுவாக இழுத்து, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். நான் மாதம் ஒரு முறை செய்கிறேன்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? அப்படியானால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். என் ஓரகத்தி வீட்டில் மாடியில் மெஷின், அதே மாடியில் நான்கடி மேடையில் தண்ணீர்த் தொட்டி. ஒரு பழுதுபார்ப்பவர் வந்து வால்வை இரண்டு முறை மாற்றிப் பணம் வாங்கிப் போனார். எனக்கு அது இன்னமும் ஆறவில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். அவர்கள் மெஷினின் கையேடு கேட்பது 0.3 பார், அதாவது மூன்று மீட்டர் உயரம். வால்வு என்ன செய்யும்? மெஷினைக் கீழே இறக்கி வைத்தோம். அன்றைக்கே தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

பிழியும்போது மெஷின் குதித்தால் பெரும்பாலும் ஜமுக்காளமோ நூல் புடவையோ ஒரே பக்கம் சுருண்டிருக்கும். பிரித்துப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூடியின்மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். எங்கள் கொல்லைத் தாழ்வாரத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது. தட்டுத் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது. கால்களைத் திருகி நான்கையும் தரையில் ஊன்றவைத்த பிறகு ஆட்டம் நின்றது.

மெஷினின் குற்றம் என்று சொன்னேனே, அது கண்டென்சர், மோட்டார் சுற்றத் தொடங்க உதவுகிற பாகம். மோட்டார் உறுமியது, தட்டு சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிக் கையால் திருப்பினால் தாராளமாகச் சுற்றியது. "அக்கா, பிளக்கைப் பிடுங்கினாலும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும், தொடாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டு, பழையதில் அச்சிட்டிருந்த அதே அளவில் புதியதைப் போட்டுக் கொடுத்தார் தம்பி.

சம்பா அறுத்து முடிந்த மாசியில் வயல் எலிகள் வீட்டுக்கு வரும். ஒரு மாசியில் மெஷினைச் சாய்த்துப் பார்த்தபோது தேங்காய் நாரும் வேட்டிக் கிழிசலுமாக உள்ளே ஒரு கூடு, கடித்துப்போட்ட வயர்கள். மெஷினின் அடிப்பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. இப்போது அடியில் தகடு திருகியிருக்கிறோம்.

மெஷினைத் தொட்டால் விரலில் சுருக்கென்றால் அன்று துவைக்கவே வேண்டாம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்களுக்குச் சித்திரையில் அப்படி ஆயிற்று. வயர் ஒன்றின் உறை நைந்து மெஷினின் உடம்பில் பட்டிருந்தது. கூடவே, கோடையில் மண் காய்ந்து எர்த்தும் வேலை செய்யாமல் போயிருந்தது. வயரை மாற்றினார், எர்த் குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் வைத்தார். குழி காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டுக் குடத்தில் மீதியிருப்பதை அங்கே ஊற்றுகிறார்.