சன்னல் வழியா என்ன தெரியுது?

போன மாசம் அம்மாவுக்கு பித்தப்பை ஆபரேஷன், நாலு நாள் கூடவே இருந்தேன். ரூம்ல சன்னல் இருந்துச்சு, ஆனா தொறந்தா ரெண்டடி தள்ளி பக்கத்து பில்டிங் சுவரு, அதுல ஏசி தண்ணி ஒழுகி ஒழுகி பாசி புடிச்ச கோடு, அம்மா நாள் முழுக்க அதையே பாத்துட்டு படுத்திருந்தாங்க.

1984ல ராஜர் உல்ரிச் சயின்ஸ் இதழ்ல எழுதின ஆய்வு ஞாபகம் வந்துச்சு. அமெரிக்கால பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒண்ணு, இதே பித்தப்பை ஆபரேஷன் தான், 23 பேருக்கு சன்னல்ல மரம், 23 பேருக்கு செங்கல் சுவரு. மரம் பாத்தவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்காங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியா தான் தேவைப்பட்டிருக்கு. கட்டடம் மூளைய என்ன பண்ணுதுன்னு ஆராயவே 2003ல சான் டியாகோல ஒரு அகாடமி ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் பிளான் போடுறப்ப, கட்டில்ல படுத்தா கண்ணுக்கு என்ன படும்னு ஒருத்தராச்சும் கேட்டா எவ்ளோ நல்லாருக்கும்!

மூணாம் நாள் வீல்சேர்ல காரிடார் கடைசி வரைக்கும் தள்ளிட்டுப் போனேன், அங்க ஒரு வேப்பமரம் தெரியும். "இங்கயே கொஞ்ச நேரம் இருப்போம்டா"ன்னாங்க.