சிங்கப்பூர் – நியூயார்க்: முள்ளைத் திருப்ப வேண்டாத பயணம்

தங்கைக்கு நியூஜெர்சியில் வளைகாப்பு. துபாய் வழியாக மாறிப் போயிருந்தால் டிக்கெட் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் எங்கும் இறங்காமல் போகும் சேவைகளில் உலகிலேயே நீளமானது நம் சிங்கப்பூரிலிருந்தே கிளம்பும்போது, அதில் ஒரு தடவையாவது ஏறிப் பார்க்காமல் இருப்பதா?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே 15,300 கிலோமீட்டர் சொச்சம். எங்கும் இறங்காமல் போனால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் நூல் பிடித்தால் அது வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். எங்கள் விமானம் அந்த வழியில் போகவில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்தது. சுற்றுதான், ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. முன்னிருந்த திரையில் வேகம் மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டியதைப் பார்த்ததும் சுற்றின் நியாயம் புரிந்தது.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதிநீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ரகம். எரிபொருள் மட்டும் 1,65,000 லிட்டர் பிடிக்கும். அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் இருக்கைகள் வெறும் 161, எகானமி வகுப்பே கிடையாது. பர்ஸுக்கு வலி, முழங்காலுக்குச் சுகம். 2004இல் இதே தடத்தில், நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்குப் பறந்த ஏ340, நாலு எஞ்சினுக்கும் எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றுபோனது. இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான், 2018இல், சேவைக்கு மறுபடி உயிர் வந்தது.

ஞாயிறு நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினோம். பசிபிக் மேல் திங்கள் விடிந்தது. தேதிக்கோட்டைத் தாண்டியதும் கீழே மறுபடி ஞாயிறு. அது இருட்டி, இன்னொரு தரம் திங்கள் விடியும் நேரத்தில் நியூயார்க்.

பக்கத்து இருக்கை அம்மா மகளைப் பார்க்கப் போகிறவர். மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, இப்ப காலையா ராத்திரியா? எதைப் போடறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மணிக்கணக்கை எழுதிக் கொடுத்த சீட்டைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு வாட்சைக் காட்டி, "இதை எவ்வளவு திருப்பணும்?" என்றார். திருப்பவே வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைக்கணக்கு மாதங்களில் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். மாலை ஆறு, காலை ஆறாகிவிடும், முள் அதே இடத்தில்தான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். வெள்ளி இரவு கிளம்பினால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஞாயிறு விடியற்காலை. சனிக்கிழமையைக் காற்றிலேயே கரைத்துவிடுவார்கள். சனி இரவு டிக்கெட் எடுக்கிறவர்கள் திங்களுக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.