நீலத்திரையும் ஒரு பென்சில் ரப்பரும்

நாலு நாளாக வீட்டுக் கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் நீலத்திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். ம்ஹூம். கடைக்காரர் போனிலேயே “மதர்போர்டு போச்சு சார்” என்றார்.

ராத்திரி, ராமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்! சரி, ராம்தான் என்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு 8 ஜிபி ராம்களையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்தான் தகராறு. அதன் தங்க நிறப் பற்கள் கறுத்திருந்தன. பையனின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் (எச்சில் தெறிக்கும்) பிரஷ்ஷால் தட்டி, மறுபடி அதன் இடத்தில் செருகி, இரண்டு பக்கமும் ‘டக்’கென்று கேட்கும்வரை அழுத்தினேன்.

மறுபடி டெஸ்ட். பிழை 0.

பையன் ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறான். நான் வாயே திறக்கவில்லை.