விசிலும் புண்ணாக்கும்

ஆவணி 2, சனி. வட்டக்கச்சி

நாளை இரவு கிளிநொச்சியிலிருந்து பஸ். தெஹிவளை, பின்னவல, திரும்பும் வழியில் தலைமன்னார். விலங்குப் பயிற்சிப் பாடநெறியின் களப்பயணம் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார். ஒழுங்கை முனைக்குப் போவதற்குள் அது "சர்க்கஸ் படிப்பு" ஆகிவிட்டது.

அப்பப்பா சிரிக்கவில்லை. "மாடு வரவேண்டுமென்றால் கூப்பிடத் தெரிய வேண்டும். அதற்கு ஏன் கொழும்பு?" என்று மட்டும் கேட்டார். அவர் வாய்க்கால் கட்டில் நின்று நீளமாக ஒரு குரல் கொடுத்தால் சேற்றில் கிடக்கும் எருமைகள் எழுந்து வரும். அப்பா அதே குரலில் கூப்பிட்டால் ஒன்றும் அசையாது. காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: அப்பா கூப்பிடுவது ஊசி போடும் நாளில்.

ஆவணி 4, திங்கள். தெஹிவளை

விலங்கு வணிகத்தில் பெயர்பெற்ற ஹேகன்பெக் குடும்பத்தின் ஜோன் ஹேகன்பெக் தொடங்கிய மிருகக்காட்சிசாலை இது. 1936இல் அரசு பொறுப்பேற்றது. அம்மா 1982இல் பாடசாலைச் சுற்றுலாவில் வந்து இங்கே யானை ஆட்டம் பார்த்திருக்கிறார். என்ன நினைவிருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டேன். "யானையைவிடப் பாகனின் கைத்தடிதான்" என்றார்.

இன்றைய வேலை, ஆளுக்கொரு விலங்கை அரை மணி நேரம் கவனித்து எழுதுவது. "சோகமாக இருந்தது" என்று எழுதினால் புள்ளி இல்லை. காது எந்தப் பக்கம், வால் எப்படி, எத்தனை தரம் திரும்பியது, இவைதான் வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நீர்யானை. மூக்கைத் தவிர வேறொன்றையும் அது காட்டவில்லை. என் தாளில் நல்ல வெள்ளை இடம் மிச்சம்.

இரவு பொறுப்பாசிரியர் விசிலைப் பற்றிப் பேசினார். குளத்தின் நடுவில் துள்ளும் டொல்பினுக்கு அந்தக் கணத்திலேயே மீன் கொடுக்க முடியாது. மீன் வாய்க்குப் போகும்போது அது வேறேதோ செய்துகொண்டிருக்கும். எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அதனால் முதலில் விசிலும் மீனும் ஒன்று என்று பழக்குகிறார்கள். பிறகு சரியாகச் செய்த நொடியில் ஊதினால் போதும், மீன் ஆறுதலாக வரலாம். ஹவாயின் சீ லைஃப் பார்க் என்ற கடல் காட்சியகத்தில் 1960களில் பயிற்சியாளர் கேரன் பிரையர் ஒரு படி மேலே போனார். மாலியா என்ற டொல்பினுக்கு, முன்பு செய்யாத புதியது ஒன்றைச் செய்தால் மட்டுமே மீன். சில நாள்களில் மாலியா யாரும் கற்றுக்கொடுக்காத வித்தைகளைத் தானே காட்டத் தொடங்கிவிட்டது.

ஆவணி 5, செவ்வாய்

இன்று போன இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒரு கரடி எட்டுப் போட்டபடி நடந்துகொண்டே இருந்தது. அதன் தடத்தில் மண் பள்ளமாகியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற குடும்பம், கரடி ஆடுகிறது என்று கைதட்டியது.

எங்கள் காட்டுக் கரடிக்கு இப்படி நடக்க நேரம் ஏது? கறையான் புற்றைக் கிளற வேண்டும், பாலைப்பழக் காலத்தில் மரமேற வேண்டும். உணவைத் தட்டில் வைக்காமல் மரக்கட்டைத் துளைகளில் ஒளித்துத் தேடவிடுவதுதான் கூண்டுக் கரடிக்கு முதல் வைத்தியம் என்று பாடத்தில் இருக்கிறது. செலவு அதிகமில்லை. யாராவது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆவணி 6, புதன். பின்னவல

அநாதை யானைக் குட்டிகளை வளர்க்கும் இந்த வேலை முதலில் நடந்தது எங்கள் பக்கத்து வில்பத்துக் காட்டில். பிறகு பெந்தோட்டை, தெஹிவளை என்று இடம் மாறி, 1975இல் ஐந்து குட்டிகளோடு பின்னவலவுக்கு வந்தது. யானைக் கூட்டம் தெருவைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போவதைப் பார்க்க வெளிநாட்டவர்கள் இருபுறமும் நிற்கிறார்கள். நான் பார்த்தது பாகன்களின் கைகளை.

அங்குசம் வேலைசெய்வது எளிய கணக்கு. முனை அழுத்தும், யானை நகரும், அழுத்தம் நீங்கும். யானை விரும்பி வரவில்லை, தப்பித்து வருகிறது. இதற்கு மாற்றான முறை அமெரிக்காவின் சன் டியாகோவில் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்தது. ஆளுக்கும் யானைக்கும் நடுவே தடுப்பு இருக்கும். நீண்ட கோலின் நுனியைத் தொட்டால் விசில், பிறகு பழம். அப்படியே பாதத்தைத் தடுப்பின் துவாரத்தில் வைக்கப் பழகிவிடும். பிடித்துவைக்கப்பட்ட யானைகளைக் கொல்லும் பெரிய காரணங்களில் பாதநோயும் ஒன்று. அதனால் இது காட்சிக்கான வித்தை அல்ல, உயிர்ப் பிரச்சினை. யானைக்கு விருப்பமில்லையென்றால் அது திரும்பிப் போகலாம். போனாலும் அடி இல்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கண்ணிவெடியில் முன்காலின் பாதத்தை இழந்த சமாவைப் பற்றியும் சொன்னார்கள். பஸ்ஸில் வந்த மற்றவர்கள் "ஐயோ" என்றார்கள். வன்னிப் பிள்ளைகள் நாங்கள் எதுவும் பேசவில்லை.

ஆவணி 8, வெள்ளி. தலைமன்னார்

"கடல்சார் பூங்கா" என்று பயணத் திட்டத்தில் பார்த்து, டொல்பின் வளையத்துக்குள்ளால் பாயும் என்று நம்பி வந்தவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும்! இராமர் அணைக் கடல்சார் தேசியப் பூங்கா 2015இல் பிரகடனப்படுத்தப்பட்டது. குளம் இல்லை, மேடை இல்லை. மணல் திட்டுகளும் ஆலாப் பறவைகளும்தான். எதிர்க்கரையில் இந்தியா 2013இலேயே டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. சோளகக் காற்று கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது. நல்ல மீன் குழம்பு சாப்பிட்டோம்.

ஆவணி 10, ஞாயிறு. வட்டக்கச்சி

கல்மடுப் பக்கம் நேற்றிரவும் யானை. வெடி கொளுத்தியும் போகவில்லையாம். வெடிச் சத்தத்துக்குப் பின் எதுவும் நடக்காது என்று கண்ட யானை அதைப் பொருட்படுத்தாது. இதற்குப் பழகிப்போதல் என்று பெயர். மின்வேலியும் அப்படித்தான். கம்பி சுடும், மரக்கட்டை சுடாது என்று கண்டறிந்த யானை கட்டையைத் தள்ளிச் சாய்க்கிறது. உள்ளே நெல் இருக்கிறது. ஆக, வேலியைச் சாய்த்த யானைக்கு உடனடிப் பரிசு கொடுத்துப் பழக்குபவர்கள் நாங்கள்தான். பாடநூலில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. நட்டம் மட்டும் கமக்காரனுக்கு.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்படியானால் நீ போய் யானைக்கு விசில் ஊது" என்றார்.

ஆவணி 13, புதன்

யானையை விட்டு எருமைக் கன்று கறுப்பியிடம் தொடங்கியிருக்கிறேன். பூவரசந் தடியின் நுனியில் சிவப்புத் துணி. மூக்கால் தொட்டால் விசில், கையளவு புண்ணாக்கு. இப்போது துணி எங்கே போனாலும் வருகிறது. அடுத்தது கழுத்தில் கை, பிறகு தோலை மெல்லக் கிள்ளுதல், பிறகு ஊசியில்லாத சிரிஞ்சு. இடையில் அது விலகிப் போனால் போகவிட வேண்டும்.

அப்பா பட்டிப் படலையில் சாய்ந்துகொண்டு, "ஒவ்வொரு மாட்டுக்கும் இப்படி நின்றால் சிறுபோகத்தை யார் அறுப்பது?" என்றார். நியாயம்தான். பட்டி முழுவதற்கும் இது நடக்காது. கயிறு எடுத்தாலே குளத்துக்குள் பாயும் நான்கைந்தை மட்டும் பழக்குவது என்று பேசி முடித்தோம். அதில் அவருக்கும் இலாபம். போன தடவை அவற்றைத் துரத்தியதில் சாரம் கிழிந்ததை அவர் மறக்கவில்லை.

கால்நடை வைத்தியர் அடுத்த வாரம் கால்-வாய் நோய்த் தடுப்பூசியோடு வருகிறார். அவரிடம் கேட்க வேண்டியவை: பழைய சிரிஞ்சு ஒன்று தருவாரா, கறுப்பியைக் கட்டாமல் கடைசியாகப் பார்ப்பாரா, ஊசி போட்டதும் புண்ணாக்குக் கொடுக்கும்வரை கொஞ்சம் நிற்பாரா.