"தொகுதி நம்மளுதுதானே பாப்பா?"

எனக்கு எம்.பி. சீட்டு குடுக்கணும்னு எங்க கட்சிக்கு ஆதரவு லெட்டர் எழுதிகிட்டே வந்த பெரியப்பா, கையெழுத்து போடற எடத்துல பேனாவ நிறுத்திட்டு நிமிர்ந்து பாத்து கேட்டாரு, "தொகுதி நம்மளுதுதானே பாப்பா?" நான் "நம்மளுதுதான் பெரியப்பா"ன்னேன். 2024 பிப்ரவரி, பண்ருட்டி பக்கம் அவரு வீட்டுத் திண்ணைல நடந்தது. அந்த ஒரு வார்த்தைய நான் இன்னும் மனசுக்குள்ள மாத்தி மாத்தி சொல்லிப் பாத்துகிட்டுதான் இருக்கேன்.

சொந்தப் பெரியப்பா இல்ல. எங்கப்பாவோட சேந்து சுவரெழுத்து எழுதினவரு, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேந்து அந்த ஊருக்கு கட்சியோட கிளைச் செயலாளர் அவருதான். முந்தின நாள் சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்துல, மாவட்டச் செயலாளருக்கு நெருக்கமான ஒருத்தர் என்கிட்ட மெதுவா சொன்னாரு: "கடலூர் இந்த தடவ நமக்கு இல்லாம கூட்டணிக் கட்சிக்குப் போற மாதிரிதான் பேச்சு, பாத்து செலவு பண்ணும்மா." அத காதுல வாங்கிகிட்டுதான் மறுநாள் காலைல பண்ருட்டி பஸ் ஏறினேன். இத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

அந்த லெட்டர் எதுக்குன்னா, எம்.பி. சீட்டு கேக்கறவங்களுக்கு சொந்தமா ஒரு எடம் கிடையாது. எம்.எல்.ஏ.வுக்குன்னா ஒரு தொகுதி, ரெண்டு மூணு ஒன்றியம், முகம் தெரிஞ்சா போதும். கடலூர் பாராளுமன்றத்துல திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடின்னு ஆறு சட்டமன்றம். அதே மாவட்டத்துல இருக்கற சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் சிதம்பரம் தனித் தொகுதிக்குப் போயிடுது. கட்சி மாவட்டம் ஒரு கணக்கு, தேர்தல் தொகுதி வேற கணக்கு. கோர்ட்டுல கேஸ் நடத்திகிட்டு வார்டு வேலை பாத்த எனக்கு திட்டக்குடில யாரத் தெரியும்? பணமும் இல்ல. அதனால சீட்டு கேக்கறவங்கள கட்சி கூப்பிட்டு விசாரிக்கற நேர்காணல்ல காட்டறதுக்கு கிளைச் செயலாளருங்க கைப்பட எழுதின ஆதரவு லெட்டர் சேக்கலாம்னு நெனச்சேன். மேல இருக்கறவங்க சொல்லி வர்ற பேரு வேற, பூத்துல உக்காரறவன் சொல்லி வர்ற பேரு வேறன்னு அப்ப முழுசா நம்பினேன், இப்பவும் நம்பறேன்.

ஆனா பெரியப்பாவோட ஒன்றியச் செயலாளர் வேற ஒருத்தர மனசுல வெச்சிருந்தாரு. யாரும் யாருக்கும் எழுதித் தரக்கூடாதுன்னு எல்லா கிளைக்கும் சொல்லி விட்டுட்டாரு. அது பெரியப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் பேரன் நோட்டுலேந்து ஒரு பக்கத்த கிழிச்சு எழுத ஆரம்பிச்சவருதான் கடைசில அந்தக் கேள்விய கேட்டாரு. தொகுதி நம்மளுதுன்னா ஒன்றியத்த பகைச்சிகிட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு, இல்லன்னா எதுக்குன்னு கணக்கு போட்டிருப்பாரு. போட்டிருக்கணும். நாப்பது வருஷமா கட்சில இருக்கறவருக்கு அது தெரியாதா.

நான் சொன்னது பொய்யா? இத நானே கோர்ட்டுல வாதாடற மாதிரி ரெண்டு பக்கமும் வாதாடிப் பாத்துட்டேன். கூட்டணிப் பேச்சு கையெழுத்தாகற வரைக்கும் எதுவும் முடிவு இல்ல. கையெழுத்தானப்புறமும் எந்த தொகுதிங்கறது மாறும். வேட்பாளர் பேரு அறிவிச்சப்புறம் கூட, இவருதான் எங்க வேட்பாளர்னு கட்சி தர்ற ஏ படிவமும் பி படிவமும் மனு தாக்கல் கடைசி நாள் மத்தியானம் மூணு மணிக்குள்ள தேர்தல் அதிகாரி கைக்குப் போனாத்தான் சின்னம். அப்படி இருக்கறப்ப பிப்ரவரில யாரோ ஒருத்தர் சொன்ன பேச்ச நான் எதுக்கு தூக்கிட்டு வந்து திண்ணைல வெக்கணும்? எல்லாரும் "தெரியலைங்க"ன்னு சொல்லிகிட்டு இருந்தா என்ன மாதிரி ஆளு, அதுவும் பொம்பளை, சீட்டு கேட்டு கட்சில பணம் கட்டிக் குடுக்கற விருப்ப மனுவே குடுக்க முடியாது. காசு இருக்கறவங்க மட்டும்தான் சந்தேகத்தோட பணம் கட்டுவாங்க.

இதெல்லாம் சரியான வாதம்தான். ஆனா அவரு கேட்டது என்ன முடிவாச்சுன்னு இல்ல, எனக்கு என்ன தெரியும்னு. "பெரியப்பா, நேத்து இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு, யோசிச்சு எழுதுங்க"ன்னு சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?

நேர்காணல்ல எங்க தொகுதிக்கு கேட்ட எல்லாரையும் ஒண்ணா உள்ள கூப்பிட்டாங்க. எனக்கு வந்த கேள்வி, எவ்ளோ செலவு பண்ண முடியும்? டெபாசிட் 25,000, சட்டப்படி ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம், என்னால முடிஞ்சது இவ்ளோன்னு உண்மையச் சொன்னேன். ஃபைல திறக்கவே இல்ல. வெளில வந்து தண்ணி குடிச்சதுதான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், இங்க ரெண்டு பெரிய கட்சியுமே நிக்கல, கூட்டணிக்கே விட்டுட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல, கூட்டணி வேட்பாளருக்கு நல்லாவே வேலை பாத்தேன்.

ஆனா ஏப்ரல் 19 அன்னிக்கு காலைல பெரியப்பா பூத்துக்குள்ள இல்ல. எந்த தேர்தல்னாலும் அந்த பள்ளிக்கூடத்துல எங்களுக்கு அவருதான் ஏஜென்ட். மாதிரி வாக்குப்பதிவு அஞ்சரைக்குன்னா அஞ்சு மணிக்கே வேட்டி கட்டி போயிடுவாரு, சாயங்காலம் மொத்தம் எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு எழுதித் தர்ற 17சி படிவத்த கைல வாங்காம எழுந்திரிக்க மாட்டாரு. அந்த தடவ பூத் கமிட்டிலேந்தே அவரு பேர எடுத்துட்டாங்க. லெட்டர் விஷயம் ஒன்றியத்துக்கு எப்படி போச்சுன்னு இன்னும் எனக்குப் புரியல. நான் வண்டில பூத்து பூத்தா போய்ட்டு வர்றப்ப அவரு வரிசைல நின்னுகிட்டிருந்தாரு, எல்லாரையும் மாதிரி. ஓட்டு போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டாராம்.

2011 டிசம்பர் 30 அடிச்ச 'தானே' புயல்ல அவரோட முந்திரித் தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு. முந்திரி திரும்ப நட்டா காய்க்க வருஷக்கணக்குல ஆகும், அந்த வயசுல அவருக்கு அது எவ்ளோ பெரிய அடி. அப்பவே அந்த வாரம் பூரா ஊர்ல யாரு வீடு போச்சு, யாரு மரம் போச்சுன்னு லிஸ்ட் எழுதிகிட்டு வீடு வீடா போனாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. தோப்பு போனப்ப கூட கையில இருந்த வேலை அது. அதத்தான் நான் அவருகிட்டேந்து எடுத்துட்டேனோன்னு தோணுது. எடுத்தது நான் இல்ல, ஒன்றியம்தான், அதுவும் தெரியும்.

இன்னொண்ணும் இருக்கு, இத எழுதறப்பதான் நேரா பாக்கறேன். சீட்டு கெடைக்காதுன்னு மஞ்சக்குப்பத்துலயே எனக்கு பாதிக்கு மேல தெரிஞ்சு போச்சு. இருந்தும் லெட்டர் வேணும்னு போனேன்னா, இந்த தடவ இல்லன்னாலும் இத்தன கிளை இவ பின்னாடி இருக்குன்னு மேல ஒரு கணக்குல ஏறட்டும்னுதான். அடுத்த வாய்ப்புக்கு. அப்படிப் பாத்தா அவரோட கையெழுத்து எனக்கு எப்படியும் லாபம், நஷ்டம் அவருக்கு மட்டும்தான். ஆனா இப்படி யோசிக்காத ஒருத்தர் கட்சில எப்படி மேல வர்றது, அதுவும் எனக்குப் புரியல.

அந்த வருஷம் பலாப்பழ சீசன்ல பாக்கப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன். அவரு எதையும் குத்திக் காட்டல, ஒரு பழத்த அறுத்து எண்ணெய் தடவின கையால சுளை எடுத்து எடுத்து வெச்சாரு. கிளம்பறப்ப கேட்டாரு, "அந்தக் காகிதத்த அவங்க படிச்சாங்களா பாப்பா?"

"ஃபைலோட வாங்கி வெச்சுகிட்டாங்க பெரியப்பா"ன்னேன்.

அது பொய் இல்ல. வாங்கித்தான் வெச்சுகிட்டாங்க. அவரு தலைய ஆட்டிட்டு, மீதிப் பழத்த சாக்குல கட்டி என் வண்டில ஏத்தி விட்டாரு.