லினக்ஸிலிருந்து விண்டோசுக்கு: ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரம் இடம் மாறும் நாட்குறிப்பு (சுங்கை சிப்புட், மலேசியா)

3 மார்ச் 2025, திங்கள்

செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப்பில் எடைக் கணக்கு பார்க்கும் நிரல் ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்தின் (நிரலின் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் இன்னொரு நிரல்) மேல் ஓடுகிறது. லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, குலையை இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை, கழித்தால் குலையின் எடை. இதுவரை லினக்ஸ். புதுக் கணினியில் விண்டோஸ் 11. எடைக்காட்டிக்கான டிரைவரும் அதற்கு மட்டும்தான் இருக்கிறது. கணக்கு நிரலைத் தொட வேண்டியதில்லை. அதற்கு அடியில் உள்ள சி நிரலும், ஓடும்போதே எந்திரக் கட்டளைகளை எழுதும் ஜிட் பகுதியும்தான் இடம் மாற வேண்டும்.

இரண்டு பக்கமும் அதே 64 பிட் எக்ஸ்86 சிப். அதனால் வேலை சுளுவு என்று தோன்றும். கம்பைலர் (சி நிரலை எந்திரக் கட்டளையாக மாற்றும் கருவி) பிழை என்று கத்துகிற இடமெல்லாம் உண்மையிலேயே சுளுவுதான். அது வாயே திறக்காமல் ஏற்றுக்கொள்கிற இடங்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதல் இடம் 'லாங்' என்ற முழு எண் வகை. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட். முகவரியை லாங்கில் போட்டு வைத்தால் மேல் 32 பிட் அறுந்துவிடும். நினைவகம் 4 ஜிபிக்குக் கீழே கிடைக்கிற நாளில் நிரல் ஓடும், மேலே கிடைக்கிற நாளில் விழும். முகவரி, குப்பை சேகரிப்பானின் (பயன் முடிந்த நினைவகத்தை மீட்கும் பகுதி) அடையாள பிட், பெருக்கல் விடை எல்லாவற்றையும் அகலம் குறித்த வகைக்கு மாற்றுக. 1எல் (லாங் வகையில் 1) என்று எழுதி 40 பிட் இடம் நகர்த்தும் வரிகளையும் விடக்கூடாது. ஜிட்டை அணைத்துவிட்டு, இன்டர்பிரிட்டரை (கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் பகுதி) மட்டும் விண்டோஸுக்கான மிங்டபிள்யூ-டபிள்யூ64 ஜிசிசி கம்பைலரில் எழுப்புவதுதான் முதல் படி.

5 மார்ச், புதன்

பைட்கோட் கோப்பு (மெய்நிகர் இயந்திரம் படிக்கும் கட்டளைகள்) பாதியில் முடிந்துவிடுகிறதா? கோப்பை 'ஆர்' என்று திறந்திருப்பீர்கள். விண்டோஸில் அது உரைமுறை: 13, 10 என்ற இரண்டு பைட் ஒரே 10 ஆகச் சுருங்கும், 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்தது என்று அர்த்தம். பைட்கோடில் 26 ஏதோ ஒரு கட்டளையின் எண்ணாக இருக்கும். 'ஆர்பி' (பைனரி முறை) என்று திறந்தால் போதும். லினக்ஸில் இரண்டும் ஒன்றே என்பதால் அங்கே இது வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்பு திறக்காது. விண்டோஸின் இயல்பு எழுத்துப் பக்கமாக வைக்கக்கூடிய பழைய 8 பிட் பக்கங்கள் எதிலும் தமிழ் இல்லை. கோப்பைத் திறக்கும் சாதாரண எஃப்ஓப்பன் அந்தப் பக்கத்தைத்தான் நம்புகிறது. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் உள்ள பெயரை யுடிஎஃப்-16 ஆக மாற்றி, டபிள்யூஎஃப்ஓப்பன் வழியாகத் திறக்க வேண்டும். 'குலை' யுடிஎஃப்-8இல் 12 பைட், யுடிஎஃப்-16இல் 8 பைட். இடத்தை இதன்படி ஒதுக்குக. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், நிரலின் மேனிஃபெஸ்டிலேயே (நிரலோடு இணையும் விவரக் குறிப்பு) யுடிஎஃப்-8 என்று குறித்துவிடலாம். அதற்கு முந்தைய கணினிகளையும் நினைத்தால் மாற்றி எழுதுவதே மேல்.

8 மார்ச், சனி

நினைவகம். லினக்ஸில் நினைவகம் கேட்கும் எம்மேப் இருந்த இடத்தில் விண்டோஸின் விர்ச்சுவல்அலாக். பெயரை மட்டும் மாற்றினால் பல இடத்தில் இடறும்.

லினக்ஸில் 1 ஜிபி கேட்டு வைத்தாலும் தொட்ட பக்கத்துக்குத்தான் செலவு. விண்டோஸில் 'ஒதுக்கி வை', 'உறுதி செய்' என்று இரண்டு படி. உறுதி செய்த அளவு, தொடாவிட்டாலும், கணினியின் மொத்த வரம்பில் உடனே கழியும். வரம்பு என்பது ரேமும் பேஜ்ஃபைலும் (ரேம் போதாதபோது உதவும் வட்டுக் கோப்பு) சேர்ந்தது. ரேம்ப்பில் இருக்கிற 4 ஜிபி கணினியில் 1 ஜிபியை ஒரேயடியாக உறுதி செய்வது அநியாயம். முழுவதையும் ஒதுக்கி வைத்து, தேவைப்படத் தேவைப்பட 1 எம்பியாக உறுதி செய்க.

நினைவகப் பக்கம் 4 கேபிதான், ஆனால் ஒதுக்கீட்டின் தொடக்க முகவரி 64 கேபியின் மடங்கில்தான் விழும். நினைவகத்தைத் திருப்பிவிடும் எம்அன்மேப் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எறியும். அதன் இடத்தில் வரும் விர்ச்சுவல்ஃப்ரீ ஒதுக்கீட்டை முழுசாக மட்டுமே விடும், அப்போது அளவு 0 என்றே கொடுக்க வேண்டும். ஆகவே, கூடுதலாக வாங்கி இரண்டு ஓரத்தையும் வெட்டி 1 எம்பி எல்லையில் நிறுத்தும் பழைய தந்திரம் இங்கே செல்லாது. பெரிதாக ஒதுக்கி, எல்லை முகவரியைக் கணக்கிட்டு, முழுதையும் விட்டு, அந்த முகவரியிலேயே மறுபடி கேட்க வேண்டும். நடுவில் வேறொரு திரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் வேலை) புகுந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இதைச் சுழற்சிக்குள் வைக்கவும்.

எம்அன்மேப் வெற்றி பெற்றால் 0, விர்ச்சுவல்ஃப்ரீ தோற்றால் 0. சரிபார்க்கும் வரியைத் தலைகீழாக்குக. பக்கத்தின் அனுமதியை மாற்றும் விர்ச்சுவல்புரொடெக்ட்டின் நான்காம் இடத்தில் பழைய அனுமதியை எழுத ஒரு முகவரி கட்டாயம். வெறுமனே விட்டால் அழைப்பே தோற்கும்.

12 மார்ச், புதன்

ஜிட்டைத் திறக்கும் நாள். இந்த வேலையின் கனமான பகுதி இதுதான்.

லினக்ஸில் ஒரு செயல்பாட்டை அழைக்கும்போது முழு எண் வாதங்கள் (அதற்குக் கொடுக்கும் மதிப்புகள்) ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என ஆறு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) போகும். விண்டோஸில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என நான்கே. இதை எல்லோரும் மாற்றிவிடுவார்கள். தசம எண்ணில்தான் சறுக்கும். லோரி எண்ணை முழு எண்ணாகவும் எடையைத் தசம எண்ணாகவும் வாங்கும் செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை: ஆர்டிஐ, தசம எண்ணுக்கான எக்ஸ்எம்எம்0. விண்டோஸில் வாதம் எத்தனையாவது என்பதே கணக்கு: எடை இரண்டாவது, ஆகவே எக்ஸ்எம்எம்1. பழையபடி எக்ஸ்எம்எம்0இல் போட்டால் நிரல் விழாது. எப்போதோ மிச்சமிருந்த எண்ணை எடையாக எழுதி வைக்கும். விழுவதைவிட இது மோசம்.

அடுத்தது நிழல் இடம். அழைப்பவர் ஸ்டாக்கில் (செயல்பாடுகளின் தற்காலிக நினைவகம்) 32 பைட் காலி விட வேண்டும். அழைக்கப்பட்டவர் தன் நான்கு வாதங்களை அங்கே கொட்டி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அந்த இடத்தை நாம் விடாவிட்டால் நம் மாறிகளின் மேல் எழுதிவிடும். ஐந்தாம் வாதம் அந்த 32 பைட்டுக்கு மேலே. செயல்பாட்டுக்குள் நுழையும்போது, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி 16இன் மடங்கிலிருந்து 8 பிசகி நிற்கும். எதையும் புஷ் செய்யாத நுழைவில் 40 இறக்குவது இதனால்தான்: நிழலுக்கு 32, சமன் செய்ய 8. சமன் தப்பினால் மூவ்ஏபிஎஸ் கட்டளையில் விழும், அதுவும் நம் நிரலில் அல்லாமல் ஏதோ நூலகத்துக்குள்.

லினக்ஸில் ஆர்எஸ்பிக்குக் கீழே 128 பைட் யாரும் தொடாத இடம். விண்டோஸில் அப்படி ஒன்று கிடையாது. ஆர்எஸ்பியை நகர்த்தாமல் கீழே எழுதும் சின்னச் சின்ன ஜிட் துண்டுகளைத் தேடித் திருத்துக. என்றைக்கோ ஒரு எக்ஸெப்ஷன் (ஓட்டத்தில் எழும் பிழை) வரும்போதுதான் அவை கெடும்.

ஆர்டிஐயும் ஆர்எஸ்ஐயும் விண்டோஸில் காப்பாற்றித் திருப்ப வேண்டியவை. எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரையும் அப்படியே. லினக்ஸில் இவை யாவற்றையும் காப்பாற்றாமல் மாற்றலாம். சியிலிருந்து ஜிட்டுக்குள் நுழையும் வாசலில் ஒருமுறை சேமித்து, வெளியேறும்போது மீட்டால் போதும். ஒவ்வொரு துண்டிலும் செய்ய வேண்டியதில்லை.

வகையும் மதிப்புமாக 16 பைட் கட்டமைப்பை நேரடியாகத் திருப்பும் செயல்பாடுகள் இருந்தால் இன்னொரு திருப்பம். லினக்ஸில் விடை ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் இரண்டில் வரும். விண்டோஸில் அழைப்பவரே இடம் ஒதுக்கி, அதன் முகவரியை ஆர்சிஎக்ஸில் கொடுக்க வேண்டும். மற்ற வாதங்கள் ஓரிடம் தள்ளிப் போகும்.

13 மார்ச், வியாழன்

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஜிசிசி, கிளாங் கம்பைலர் இரண்டிலும் தனித்தனி செயல்பாட்டுக்கு 'சிஸ்வி ஏபிஐ' (லினக்ஸின் அழைப்பு வழக்கம்) என்று அடையாளம் போடலாம். ஜிட் அழைக்கும் உதவிச் செயல்பாடுகளுக்கு அதைப் போட்டால் ஜிட் பழைய வழக்கப்படியே பேசும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்விசி கம்பைலரில் இந்த வசதி இல்லை. முதல் வாரச் சோதனைக்கு நல்லது. நிரந்தரமாக வைத்தால் இரண்டு வழக்கமும் ஒரே நிரலில் கலந்து, அடுத்து வருகிறவர் தலையைச் சொறிவார்.

18 மார்ச், செவ்வாய்

குப்பை சேகரிப்பான் பழைய பொருள்கள் இருக்கும் பக்கங்களைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, எழுத முயன்றால் வரும் பிழையைப் பிடித்துக் குறித்துக்கொள்கிறது. லினக்ஸில் அது சிக்செக்வி சிக்னல். விண்டோஸில் ஆட்-வெக்டர்டு-எக்ஸெப்ஷன்-ஹேண்ட்லர். பிழைத் தகவலின் முதல் எண் 0 என்றால் படித்தது, 1 என்றால் எழுதியது, 8 என்றால் இயக்க அனுமதி இல்லாத இடத்தை இயக்கப் பார்த்தது. இரண்டாம் எண் முகவரி. பக்கத்தைத் திறந்துவிட்டு -1 திருப்பினால் அதே கட்டளை மறுபடி ஓடும். நம் முகவரி வரம்பு இல்லையென்றால் 0 திருப்பி ஒதுங்கிவிட வேண்டும்: நூலகங்களின் எக்ஸெப்ஷன்களும் இந்த வாசலில்தான் முதலில் வந்து நிற்கும்.

கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) எழுதும்போது மட்டும் இந்தப் பொறி வேலை செய்யாது. எடைக்காட்டியின் சீரியல் வரியைப் பூட்டிய பக்கத்துக்குள் நேராகப் படித்தால், எக்ஸெப்ஷன் எழாமல் ரீட்ஃபைல் 998 என்ற பிழையோடு திரும்பும். லினக்ஸிலும் ரீட் இதே போல் ஈஃபால்ட் தரும். சீரியல் இடையகம் குப்பை சேகரிப்பானின் எல்லைக்கு வெளியே இருக்கட்டும்.

22 மார்ச், சனி

ஜிட்டுக்குள்ளிருந்து அழைத்த சி செயல்பாட்டில் எக்ஸெப்ஷன் வந்தால், விண்டோஸ் ஸ்டாக்கை ஒவ்வொரு சட்டமாக (ஒரு செயல்பாட்டுக்கான பகுதி) மேலே ஏறிப் பார்க்கும். ஏறும் வழி அட்டவணையில் இருக்க வேண்டும். நாமே எழுதிய கட்டளைகளுக்கு அட்டவணை இல்லை. அப்போது ஆர்எஸ்பி காட்டும் இடத்திலேயே திரும்பும் முகவரி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தவறான இடத்துக்கு ஏறும். செயல்முறை ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துபோகும்.

தீர்வு, அந்த அட்டவணையை விண்டோஸிடம் பதிவு செய்யும் ஆர்டிஎல்-ஆட்-ஃபங்ஷன்-டேபிள். ஒவ்வொரு பதிவிலும் தொடக்கம், முடிவு, அவிழ்ப்புத் தகவல் (ஸ்டாக்கில் ஏறும் வழி) இருக்கும் இடம் என மூன்று 32 பிட் எண்கள், எல்லாம் ஓர் அடிமுகவரியிலிருந்து எண்ணியவை. அதனால் அவிழ்ப்புத் தகவலை ஜிட் பகுதியின் தலைப்பிலேயே வைத்துவிடுவது நல்லது. எல்லா ஜிட் துண்டுகளுக்கும் ஒரே மாதிரி முன்னுரைக் கட்டளைகளை வைத்தால் ஒரே தகவலை எல்லாப் பதிவுகளும் பகிரலாம்.

செட்ஜம்ப் குறித்து வைத்த இடத்துக்குத் தாவும் லாங்ஜம்ப்பும் இதே வழியில் ஏறிப் பார்க்கிறது என்பது பலருக்கு எட்டாது. கணினியைப் போலச் செய்யும் கியூஇமு நிரல் இதற்காகவே 64 பிட் விண்டோஸில் செட்ஜம்ப்பின் இரண்டாம் வாதத்தை வெறுமையாகக் கொடுக்கிறது. அப்படிக் கொடுத்தால் லாங்ஜம்ப் சட்டங்களை அவிழ்க்காமல் நேராகத் தாவும்.

25 மார்ச், செவ்வாய்

கோரூட்டீன்: நடுவில் நிறுத்தி மறுபடி தொடரக்கூடிய செயல்பாடு. ஸ்டாக்கை நாமே மாற்றினால், திரெட்டின் தகவல் பகுதியில் ஸ்டாக்கின் மேல் எல்லை (ஜிஎஸ் 8), கீழ் எல்லை (ஜிஎஸ் 16) இரண்டையும் மாற்ற வேண்டும். 4 கேபியைத் தாண்டிய உள்மாறிகள் உள்ள செயல்பாடு, நுழையும்போது ஸ்டாக்கைப் பக்கம் பக்கமாகத் தொட்டு இறங்கும். பழைய எல்லை அங்கேயே இருந்து, புது ஸ்டாக் அதற்குக் கீழே இருந்தால், நடுவில் இருக்கும் யாருக்கும் சொந்தமில்லாத நினைவகத்தையும் தொட்டு விழும். கையால் எழுத மனமில்லாதவர்களுக்கு, ஸ்டாக் மாற்றத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் ஃபைபர் இருக்கிறது. இந்த நிரலின் அளவுக்கு அதன் வேகம் தாராளம்.

29 மார்ச், சனி

சில்லறை வேலைகள். முதன்மைத் திரெட்டின் ஸ்டாக் லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. தன்னைத்தானே அழைக்கும் பார்சருக்கு (நிரல் வரியைப் பகுத்துப் படிக்கும் பகுதி) லிங்கரில் (நிரல் துண்டுகளை இணைக்கும் கருவி) கூட்டிக் கொடுக்கவும். கிளாக் செயல்பாடு விண்டோஸில் சிப் உழைத்த நேரத்தைச் சொல்லாது, கடிகார நேரத்தைச் சொல்லும். காம்10 முதல் மேலே உள்ள சீரியல் முனைகளைத் திறக்க, பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, புள்ளி, ஒரு பின்சாய்கோடு வேண்டும். யுஎஸ்பி மாற்றியைத் துளை மாற்றி மாற்றிச் செருகினால் எண் ஏறிக்கொண்டே போகலாம்.

இந்தப் பருவத்தில் மாலையானால் இடி, கூடவே மின்வெட்டு. அன்றைய கணக்கைப் புதுக் கோப்பில் எழுதிப் பழையதன் மேல் பெயர் மாற்றும் வழக்கம் லினக்ஸில் பாதுகாப்பானது. விண்டோஸின் ரீநேம், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். மூவ்ஃபைல்எக்ஸை 'இருந்தால் மாற்று' கொடியோடு அழைக்கவும். அதற்கு முன், எழுதியதை வட்டில் உறுதி செய்யும் எஃப்சிங்க் இருந்த இடத்தில் ஃப்ளஷ்-ஃபைல்-பஃபர்ஸ். பழைய கோப்பை வேறொரு நிரல் திறந்து வைத்திருந்தால் இதுவும் தோற்கலாம், ஆகவே சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

பெருநாள் விடுமுறையில் ரேம்ப் மூடும்போது பொருத்தலாம். யுபிஎஸ்ஸில் எடைக்காட்டியையும் சேர்த்துச் செருகவும். கணினி மட்டும் விழித்திருந்து எடைக்காட்டி அணைந்தால் சீரியலில் பாதி வரிதான் வரும்: 12480 என்பது 124 ஆக நிற்கும். வரிமுடிவு எழுத்து வராத எடையை நிரல் ஏற்கக் கூடாது. சீரியல் காத்திருப்பு நேரத்தையும் குறித்து வைக்கவும், இல்லையேல் ரீட்ஃபைல் திரும்பாமலே நிற்கலாம்.