கடைசியில் ஈ பிடித்துவிட்டான்

நேற்று மாலை நம் வீட்டுப் பச்சோந்திப் பையன் ஈ பிடித்தான். ஒன்றோடு நிற்கவில்லை, அடுத்தடுத்து நாக்கை வீசிக்கொண்டே இருந்தான். சந்தோஷம் தாங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முந்தைய வீட்டில் மோரியோ புழு (தீனிக்கு விற்கும் ஒரு வண்டின் புழு) தவிர வேறெதையும் காணாமல் வளர்ந்த, வெயில்டு (veiled) என்ற இனத்துப் பச்சோந்தி இவன். சுவர்க்கோழியை விட்டால் ஒரு கண் அதைப் பார்க்கும், மறு கண் புழுக் கிண்ணத்தைத் தேடும். வெட்டுக்கிளியை அரை மனதாக எடுத்தான். டூபியா கரப்பானைத் தொடவே இல்லை. மோரியோவில் கொழுப்புதான் ஏராளம், கால்சியம் சொற்பம். கால்சியமும் பாஸ்பரஸும் 2:1 கணக்கில் இருந்தால் நல்லது, தீனிப் பூச்சிகளில் பெரும்பாலும் அது தலைகீழாக இருக்கும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. இங்கே லண்டனில் கால்சிவோர்ம் என்ற பெயரில் கிடைக்கும். அதையும் ஒதுக்கிவிட்டான்.

பூச்சி மேல் கால்சியம் தூள் தடவிச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஒரே பூச்சியை ஆயுள் முழுக்கத் தின்னும் பிராணிக்கு எந்தத் தூளும் முழு ஈடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். யேமன் மலைச் சரிவில் இவன் இனத்துக்குப் பறப்பது, தாவுவது, ஊர்வது எல்லாம்தான் சாப்பாடு. இலையைக்கூடக் கடிக்கும்.

சரி, ஈ விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் ஈப்புழு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) கணக்கில் கிடைக்கும். அரை பைன்டே ஒரு பச்சோந்திக்கு மிக அதிகம். சிவப்பு, வெண்கல நிறச் சாயம் ஏற்றியதை வாங்க வேண்டாம், வெள்ளைப் புழுவைக் கேளுங்கள். புதுப் புழுவின் உடலுக்குள் தின்ற தீனி கறுப்புப் பொட்டாகத் தெரியும். அது மறைந்த பிறகுதான் கூட்டுப்புழு ஆகும். முதலில் வெளுப்பாக இருக்கும் கூடு, ஆரஞ்சாகி, அப்புறம் கருஞ்சிவப்பாகும். புழுவாக நேரடியாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவை அழுகிய இறைச்சியில் வளர்ந்தவை.

கூட்டுப்புழுக்களை ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் பென்சில் பருமனுக்கு ஓட்டை போட்டு, கூண்டுக்குள்ளேயே வைத்துவிடுவது பலரும் செய்வது. ஈ ஒவ்வொன்றாக வெளியே வரும், பச்சோந்தி காத்திருந்து பிடிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அப்போதுதான் பொரிந்த ஈயின் வயிறு காலி, பூச்சி தின்றதுதானே பச்சோந்திக்கும் போய்ச் சேரும். அதனால் நான் பட்டாம்பூச்சி வளர்க்கும் வலைக்கூண்டில் பொரிக்கவிட்டு, தேன், பால்பவுடர், மகரந்தத் தூள் மூன்றையும் குழைத்துப் பஞ்சில் தடவி ஒரு நாள் வயிறு நிறையத் தின்ன விடுகிறேன்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். வலைக்கூண்டிலிருந்து இவன் கூண்டுக்கு ஈயை மாற்ற வேண்டும், வீடு முழுக்கப் பறக்கக் கூடாது. வழி ஃபிரிட்ஜ்தான். ஈ இருக்கும் டப்பாவைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்தால் குளிரில் மரத்துப்போய்க் கிடக்கும். எடுத்தவுடன் கால்சியம் தூளை ஒரு சிட்டிகை போட்டு மெதுவாக உருட்ட வேண்டும். தூள் கூடினால் கண்ணிலும் இறக்கையிலும் அப்பி, ஈ எழும்பவே எழும்பாது. அசையாத ஈயைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது. குறைத்தால் இன்னொரு பிரச்சினை: உயிர் வந்ததும் முன்னங்கால் இரண்டையும் தேய்த்துத் தேய்த்து, தலையைத் துடைத்து, போட்ட தூளில் பாதியை உதறிவிடுகிறது. எனவே தூள் போட்டவுடன் கூண்டுக்குள் விட்டுவிட வேண்டும். சூட்டு விளக்குக்குப் பக்கத்துக் கிளையில் டப்பாவைக் கட்டினேன். வெப்பம் பட்டதும் ஒவ்வொன்றாகக் காலை அசைத்தன. முதல் ஈ வலையில் போய் உட்கார்ந்ததும் இவனுடைய இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. வாய் லேசாகத் திறந்தது, நாக்கின் நுனி எட்டிப் பார்த்தது. அப்புறம் ஈயைக் காணோம்.

அதைவிட வியப்பு, இன்று காலை வெட்டுக்கிளியையும் தயங்காமல் எடுத்தான். வேட்டை ஆசை வந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. வெட்டுக்கிளிக்கு நல்ல கடை அமைவது தனிப் போராட்டம். தபாலில் கடைசியாக வந்த டப்பாவில் பாதி செத்துக் கிடந்தது. நேரில் பார்த்து வாங்குவதே மேல். சுவர்க்கோழிக்கும் கரப்பானுக்கும் தீனியாக ஈஸ்ட்ஹாம் தமிழ்க் கடை முருங்கைக்கீரை போடுகிறேன், காம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது.

கேட்பவர்களுக்காக ஒன்று. தமிழ்நாட்டில் வேலியில் காணும் பச்சோந்தியைப் பிடித்து இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர் அது.

இவனுக்கு அடுத்த தீனி குச்சிப்பூச்சி. இங்கே பள்ளிக்கூடங்களில்கூட வளர்க்கும் இந்தியக் குச்சிப்பூச்சியின் பூர்வீகம் நம் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர். ஆண் இல்லாமலே பெண் முட்டையிட்டுப் பெருகும், பிளாக்பெரி இலை தின்னும். தெருவோரச் செடி வேண்டாம், மருந்தடிக்காத இடத்து இலையே வேண்டும். மிஞ்சும் முட்டைகளை ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும், வெளியே பரவினால் வம்பு. முட்டைகள் வந்து சேர்ந்துவிட்டன, விதை மாதிரி சின்ன மூடியோடு இருக்கின்றன. பொரித்துத் தீனி அளவுக்கு வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஈயும் வெட்டுக்கிளியும் மாற்றி மாற்றி ஓடும். கரப்பானை மறுபடி அடுத்த வாரம் காட்டிப் பார்க்கிறேன்.